வெவ்வேறு அளவு டிஸ்க்குகளில் எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி: பிடிஆர்எஃப்எஸ் முழுமையான வழிகாட்டி

மூன்று ஹார்ட் டிஸ்க் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 4 டிபி ஒன்று, 3 டிபி ஒன்று, 2 டிபி ஒன்று. வெவ்வேறு வருடங்களில், கையில் காசு இருந்தபோது வாங்கியவை. பிள்ளைகளின் படங்கள், கல்யாண வீடியோ, ஸ்கேன் செய்த பத்திரங்கள் எல்லாம் இவற்றில் இருக்க வேண்டும். எந்த ஒரு டிஸ்க் செத்தாலும் ஒரு ஃபைல்கூடப் போகக் கூடாது.

வழக்கமான ரெய்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாகப் பயன்படுத்தும் முறை), மூன்றையும் இருப்பதிலேயே சிறியதின் அளவுக்கு வெட்டிவிடும். எல்லா டிஸ்க்கிலும் அதே டேட்டாவை வைக்கும் ரெய்டு 1 போட்டால் கிடைப்பது 2 டிபி. ஒரு டிஸ்க் அளவு இடத்தை மீட்புக் கணக்குக்கு ஒதுக்கும் ரெய்டு 5 போட்டால் 4 டிபி. மிச்சம் சும்மா கிடக்கும். அதே மூன்று டிஸ்க்கை லினக்ஸின் பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்திடம் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை) கொடுத்து, எல்லாவற்றுக்கும் முழுதாக இரண்டு பிரதி வேண்டும் என்று கேட்டால் 4.5 டிபி கிடைக்கும். முதன்முதலில் இந்தக் கணக்கைப் பார்த்தபோது நான் நம்பவில்லை. பேப்பரில் போட்டுப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டேன். காரணம் எளிது. பழைய ரெய்டு டிஸ்க்கை எண்ணுகிறது, பிடிஆர்எஃப்எஸ் டிஸ்க்குக்குள் இருக்கும் துண்டை எண்ணுகிறது. இதில் வரும் வசதிகளும் சிக்கல்களும் பெரும்பாலும் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் வருகின்றன.

கட்டளைகளை வாயால் சொல்வது போலவே இங்கே எழுதுகிறேன். டைப் செய்யும்போது அந்தந்தக் கட்டளையின் மேன் பக்கத்தை (லினக்ஸிலேயே இருக்கும் கையேடு) அருகில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

துண்டு என்றால் என்ன

2007இல் ஆரக்கிள் கம்பெனியில் இருந்த கிறிஸ் மேசன் பிடிஆர்எஃப்எஸ்ஸைத் தொடங்கினார். 2009இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 2.6.29 பதிப்போடு லினக்ஸுக்குள் வந்தது. லினக்ஸ் வகைகளில் ஓபன்சூசே 2014இலும், ஃபெடோரா 2020இல் தன் 33ஆம் பதிப்பிலும் இதையே இயல்பான ஃபைல் சிஸ்டமாக எடுத்துக்கொண்டன.

டிஸ்க்கை ஊருக்கு வெளியே கிடக்கும் வெற்று நிலமாக நினைத்துக்கொள்ளுங்கள். பிடிஆர்எஃப்எஸ் அதை ஒரே நாளில் மனை பிரித்துவிடாது. ஃபைல் எழுத இடம் வேண்டும் என்று வரும்போதுதான் பெரும்பாலும் 1 ஜிபி அளவில் ஒரு மனையை அளந்து பிரிக்கும். ஆங்கிலத்தில் 'சங்க்' என்கிறார்கள், நான் துண்டு என்கிறேன். பிரிக்கும்போதே துண்டின் மேல் இரண்டு விஷயம் எழுதப்படும். ஒன்று, அது எதற்கு என்பது: உங்கள் ஃபைலின் உள்ளடக்கத்துக்கான டேட்டாவா, ஃபைல் பெயர், அனுமதி, செக்சம் (டேட்டா கெட்டுப்போகவில்லையே என்று சரிபார்க்கும் எண்) போன்றவற்றுக்கான மெட்டாடேட்டாவா. (சிஸ்டம் என்று சின்னதாக இன்னொரு வகையும் உண்டு, அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.) இரண்டாவது, அதற்கு எத்தனை பிரதி, எப்படி என்பது. இதற்கு 'புரொஃபைல்' என்று பெயர்.

'சிங்கிள்' என்றால் ஒரே பிரதி. 'டூப்' என்றால் இரண்டு பிரதி, ஆனால் அதே டிஸ்க்கில். ஒரு செக்டர் கெட்டால் காப்பாற்றும், டிஸ்க்கே போனால் காப்பாற்றாது. 'ரெய்டு1' என்றால் இரண்டு பிரதி, கட்டாயம் இரண்டு வெவ்வேறு டிஸ்க்கில். 2020 ஜனவரியில் வந்த 5.5 கெர்னலில் 'ரெய்டு1சி3', 'ரெய்டு1சி4' சேர்ந்தன. மூன்று பிரதி, நான்கு பிரதி.

இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள். ஐந்து டிஸ்க் இருந்தாலும் 'ரெய்டு1' என்றால் இரண்டே பிரதிதான். ஐந்தில் ஒன்று போகலாம். ஒரே நேரத்தில் இரண்டு போனால், அந்த இரண்டிலும் மட்டும் இருந்த துண்டுகள் போய்விடும்.

ரெய்டு 5, 6 இதிலும் உண்டு. பாதி எழுதும்போது மின்சாரம் போனால் பேரிட்டி என்ற அந்த மீட்புக் கணக்கு தவறிப்போகும் குறை இன்னும் முழுதாகத் தீரவில்லை. பிடிஆர்எஃப்எஸ் ஆவணமே அவற்றை முக்கியமான வேலைக்குப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. நானும் பயன்படுத்துவதில்லை.

4.5 டிபி எங்கிருந்து வந்தது

விதி ஒன்றுதான்: புதுத் துண்டு போட வேண்டும் என்றால், பிரிக்காத இடம் எந்த டிஸ்க்குகளில் அதிகமோ அவற்றில் போடு. நம் மூன்று டிஸ்க்கில் பென்சிலோடு உட்கார்ந்து பார்ப்போம்.

ஆரம்பத்தில் காலி இடம் 4, 3, 2. அதிகம் உள்ளவை முதல் இரண்டும். எனவே ஒவ்வொரு துண்டின் ஒரு பிரதி முதல் டிஸ்க்கிலும் இன்னொன்று இரண்டாவதிலும் விழும். 1 டிபி ஃபைல் எழுதி முடித்தால் காலி இடம் 3, 2, 2.

இப்போது பெரியது ஒன்று, சமமானவை இரண்டு. ஒரு பிரதி எப்போதும் பெரியதில் விழும்; மற்றொன்று அந்த இரண்டிலும் மாறி மாறி. இன்னும் 2 டிபி எழுதினால் பெரியதில் 2 டிபி குறையும், மற்ற இரண்டிலும் ஆளுக்கு 1 டிபி. காலி இடம் 1, 1, 1.

மூன்றும் சமமாகிவிட்டன. இனி மூன்றும் முறை வைத்து வாங்கும். மிச்சம் 3 டிபி, இரண்டு பிரதி வேண்டும், எனவே 1.5 டிபி எழுதலாம். 1 + 2 + 1.5 = 4.5. ஒரு ஜிபிகூட வீணாகவில்லை.

ஒவ்வொரு தடவையும் இப்படி ஓட்ட வேண்டியதில்லை. இருப்பதிலேயே பெரிய டிஸ்க், மற்ற எல்லாவற்றின் கூட்டுத்தொகையைத் தாண்டாமல் இருந்தால், மொத்தத்தில் பாதி உங்களுக்கு. தாண்டினால், மற்றவற்றின் கூட்டுத்தொகை மட்டும்தான். 8, 4, 3 டிபி வைத்திருந்தால் 8 என்பது 7ஐத் தாண்டுகிறது. கிடைப்பது 7 டிபி, 1 டிபி ஜோடி இல்லாமல் நிற்கும். கடைக்குப் போவதற்கு முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். தள்ளுபடியில் கிடைக்கிறது என்று பெரிய டிஸ்க் ஒன்றை வாங்கி வந்து, பாதி பயன்படாமல் நிற்பதை நிறைய பார்த்திருக்கிறேன்.

நிஜ டிஸ்க்கைத் தொடுவதற்கு முன் ஒத்திகை

இந்தப் படியை யாரும் தாண்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு ரூபாய் செலவில்லை.

'ட்ரங்கேட்' கட்டளையால் 4 ஜிபி, 3 ஜிபி, 2 ஜிபி அளவில் மூன்று வெற்று ஃபைல் உருவாக்குங்கள். 'லோசெட்அப்' கட்டளையால் மூன்றையும் லூப் டிவைஸாக மாட்டுங்கள். இப்போது லினக்ஸ் கண்ணுக்கு அவை மூன்று டிஸ்க். டிபி இருந்த இடத்தில் ஜிபி, அவ்வளவுதான். கணக்கு ஏறத்தாழ அதே. அவற்றின் மேல் ஃபைல் சிஸ்டம் உருவாக்கி (முறை அடுத்த படியில்), மவுண்ட் செய்து (ஒரு ஃபோல்டரோடு இணைத்து), 2 ஜிபி படங்களைக் காப்பி செய்யுங்கள்.

அப்புறம் வேண்டுமென்றே கெடுங்கள். முதலில் அன்மவுண்ட் செய்யுங்கள். 'டிடி' கட்டளையால் 4 ஜிபி ஃபைலின் நடுவில், 1 ஜிபி தாண்டிய இடத்தில், ஒரு 200 எம்பி குப்பையை எழுதுங்கள். 'நோட்ரங்க்' என்ற விருப்பத்தைக் கொடுக்க மறந்தால் ஃபைல் அந்த இடத்தோடு வெட்டுப்பட்டுவிடும், கவனம். மறுபடி மவுண்ட் செய்து 'பிடிஆர்எஃப்எஸ் ஸ்க்ரப் ஸ்டார்ட்' கொடுங்கள், எல்லாவற்றையும் படித்துச் சரிபார்க்கும். முடிந்ததும் 'ஸ்க்ரப் ஸ்டேட்டஸ்' பாருங்கள். குப்பை விழுந்த இடத்தில் ஃபைல் இருந்திருந்தால், செக்சம் பிழைகள் வரிசையாக எண்ணப்பட்டு, திருத்தப்பட்டவை என்ற எண்ணும் அதே அளவு ஏறியிருக்கும். திருத்த முடியாதவை 0. படங்களைத் திறந்து பாருங்கள், எல்லாம் சரியாக இருக்கும்.

என்ன நடந்தது? ஒவ்வொரு 4 கேபி டேட்டாவுக்கும் செக்சம் தனியாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. படித்ததும் கணக்கு பொருந்தவில்லை என்றால், மற்ற டிஸ்க்கில் உள்ள பிரதியை எடுத்து, அது பொருந்தினால் கெட்டதன் மேல் எழுதிவிடும். சாதாரண ரெய்டு 1இல் இரண்டு பிரதியும் வேறுபட்டால் எது சரி என்று சொல்ல யாரும் இல்லை. இரண்டாவது பிரதிக்கு மதிப்பு கொடுப்பதே செக்சம்தான்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. சிலர் டேட்டாபேஸ், விர்ச்சுவல் மெஷின் ஃபைல்களின் வேகத்துக்காகக் காப்பி-ஆன்-ரைட்டை (மாற்றத்தைப் பழையதன் மேல் எழுதாமல் புது இடத்தில் எழுதும் முறை) நிறுத்திவிடுவார்கள். அந்த ஃபைல்களுக்கு செக்சமும் நின்றுபோகும். இரண்டு பிரதி இருக்கும், எது நல்லது என்று தெரியாது. வேகம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, முக்கியமான எதிலும் இதைச் செய்யாதீர்கள்.

உருவாக்குவது

'எம்கேஎஃப்எஸ் டாட் பிடிஆர்எஃப்எஸ்' கட்டளைக்கு, சிறிய டி விருப்பத்தில் டேட்டாவுக்கு ரெய்டு1, சிறிய எம் விருப்பத்தில் மெட்டாடேட்டாவுக்கு ரெய்டு1, பின்னால் மூன்று டிஸ்க்கின் பெயர். இரண்டு விருப்பத்தையும் கையால் எழுதுங்கள். எழுதாமல் விட்டால் மெட்டாடேட்டாவுக்கு மட்டும் இரண்டு பிரதி போட்டு, டேட்டாவை ஒரே பிரதியாக விட்டுவிடும். ஃபைல் பெயர் பத்திரமாக இருந்து உள்ளே இருந்த படம் போனால் என்ன பயன்?

டிஸ்க்கின் பெயரை எஸ்டிபி, எஸ்டிசி என்று நினைவில் வைத்து டைப் செய்யாதீர்கள். ரீபூட்டுக்கு ரீபூட் அது மாறலாம். 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையில் மாடலும் சீரியல் எண்ணும் பார்த்து, டிஸ்க் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரோடு ஒப்பிட்டுவிட்டு எழுதுங்கள்.

மவுண்ட் செய்யும்போது மூன்றில் எந்த ஒன்றைச் சொன்னாலும் போதும், மற்றவற்றை அதுவே சேர்த்துக்கொள்ளும். எஃப்எஸ்டேபில் (பூட் ஆகும்போது எதையெல்லாம் மவுண்ட் செய்வது என்ற பட்டியல்) யுயுஐடி (ஃபைல் சிஸ்டத்தின் தனி அடையாள எண்) போடுவது நல்லது.

எவ்வளவு இடம் மிச்சம்: எந்த எண்ணைப் பார்ப்பது

காலி இடத்தைக் காட்டும் 'டிஎஃப்' கட்டளை சொல்வதை நம்பி முடிவெடுக்காதீர்கள். அது ஒரு மதிப்பீடுதான். பார்க்க வேண்டியது 'பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் யூசேஜ்'. அதில் 4 டிபி டிஸ்க் 3.64 என்று தெரியும். டிஸ்க் கம்பெனி ஆயிரத்தால் வகுக்கிறது, இது 1024ஆல் வகுக்கிறது. பதற வேண்டாம்.

அந்த அறிக்கையில் என் கண் முதலில் போவது கடைசியில் இருக்கும் 'அன்அலோகேட்டட்' பகுதிக்கு. ஒவ்வொரு டிஸ்க்கிலும் இன்னும் மனை பிரிக்காத நிலம் எவ்வளவு என்று அது தனித்தனியாகச் சொல்லும். ரெய்டு1இல் இரண்டு டிஸ்க்கிலாவது அந்த எண் சில ஜிபிக்கு மேல் இருக்க வேண்டும். ஏன் என்பதை என் வீட்டு சர்வர் ஒரு ராத்திரி எனக்குக் காட்டியது.

ஒரு ஃபோல்டரைக் காப்பி செய்யப் போனேன், இடம் இல்லை என்றது. டிஎஃப் பார்த்தால் 300 ஜிபிக்கு மேல் காலி. பழைய வீடியோவை அழிக்கப் போனேன், அதற்கும் இடம் இல்லை என்றது! அழிப்பதற்கு எதற்கு இடம்? காப்பி-ஆன்-ரைட் முறையில் எந்த மாற்றமும் முதலில் புது இடத்தில் எழுதப்படும். அழிப்பதும் மெட்டாடேட்டாவில் ஒரு மாற்றம்தான். யூசேஜ் போட்டுப் பார்த்தேன். அன்அலோகேட்டட் எல்லா டிஸ்க்கிலும் 1 எம்பி. மெட்டாடேட்டா துண்டுகள் நிரம்பி வழிகின்றன. டேட்டா துண்டுகளோ பல பாதிகூட நிரம்பவில்லை. நிலம் முழுவதும் டேட்டா என்று பட்டா போட்டாயிற்று. மனைகள் காலியாகக் கிடந்தாலும் மெட்டாடேட்டா அங்கே குடியேற முடியாது.

தீர்வு, அரைகுறையாக நிரம்பிய டேட்டா துண்டுகளை ஒன்றாகத் திரட்டி, காலியானவற்றை வெற்று நிலமாக்குவது. 'பிடிஆர்எஃப்எஸ் பேலன்ஸ் ஸ்டார்ட்' கட்டளையில் 'டியூசேஜ்' என்ற வடிகட்டியை முதலில் 0 என்று கொடுங்கள்: முழுக்கக் காலியான துண்டுகள் திரும்பி வரும். பிறகு 5, 10, 20 என்று ஏற்றுங்கள். 10 என்றால், 10 சதவீதத்துக்குக் குறைவாக நிரம்பிய துண்டுகளை மட்டும் தொடு என்று பொருள். அன்று எனக்கு 20 வரைக்கும் போக வேண்டியிருந்தது. அதற்குள் ஒவ்வொரு டிஸ்க்கிலும் நல்ல இடம் திரும்பி வந்துவிட்டது.

இரண்டு எச்சரிக்கை. வடிகட்டி எதுவும் இல்லாமல் பேலன்ஸ் கொடுத்தால் ஃபைல் சிஸ்டம் முழுவதையும் திரும்ப எழுதும். அதனால்தான் கட்டளை 10 விநாடி நின்று எச்சரிக்கிறது, அப்போதே நிறுத்துங்கள். அப்புறம், மெட்டாடேட்டா துண்டுகளைச் சும்மா சும்மா பேலன்ஸ் செய்யாதீர்கள். அதில் இருக்கும் காலி இடம்தான் ஆபத்து நேரத்தில் மூச்சு விட உதவுவது.

புது டிஸ்க் சேர்ப்பது

'பிடிஆர்எஃப்எஸ் டிவைஸ் ஆட்', டிஸ்க்கின் பெயர், மவுண்ட் ஆன இடம். சில விநாடியில் முடிந்துவிடும், எதையும் நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் எப்போது சேர்க்கிறீர்கள் என்பது முக்கியம். இரண்டு 4 டிபி டிஸ்க்கும் விளிம்பு வரை நிரம்பிய பிறகு 8 டிபி ஒன்றைச் சேர்த்தால், காலி நிலம் ஒரே டிஸ்க்கில்தான் இருக்கும். ரெய்டு1 துண்டுக்கோ இரண்டு டிஸ்க் வேண்டும். 8 டிபி காலியாக இருந்தும் ஒரு துண்டுகூடப் போட முடியாது! பேலன்ஸ் செய்து பழையவற்றை நகர்த்தலாம் என்றால், நகர்த்துவதற்கும் இரண்டு டிஸ்க்கில் இடம் வேண்டும். எனவே பழைய டிஸ்க்குகளில் பத்து இருபது ஜிபியாவது அன்அலோகேட்டட் இருக்கும்போதே சேர்த்து, உடனே டேட்டாவை மட்டும் பேலன்ஸ் செய்யுங்கள்.

ஒரு பிரதியிலிருந்து இரண்டுக்கு மாறுவது

இந்த ஃபைல் சிஸ்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். இன்று ஒரே டிஸ்க்தான் இருக்கிறதா? அதில் சிங்கிளாகத் தொடங்குங்கள். ஆறு மாதம் கழித்து இரண்டாவது வாங்கியதும் சேர்த்துவிட்டு, பேலன்ஸ் கட்டளையில் 'டிகன்வர்ட்', 'எம்கன்வர்ட்' இரண்டுக்கும் ரெய்டு1 என்று கொடுங்கள். துண்டு துண்டாக எடுத்து, இரண்டு டிஸ்க்கிலும் புதிதாக எழுதிக்கொண்டே போகும். நீங்கள் அந்த நேரத்தில் அதே டிஸ்க்கிலிருந்து படம் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

சில டிபி என்றால் ஒரு பகலும் ஒரு இரவும் ஆனாலும் ஆச்சரியமில்லை. 'பேலன்ஸ் பாஸ்' கொடுத்து நிறுத்தலாம், 'ரெஸ்யூம்' கொடுத்துத் தொடரலாம். நடுவில் நின்றால் பாதித் துண்டுகள் சிங்கிள், பாதி ரெய்டு1 என்று இருக்கும், அது பழுதல்ல. மறுபடி ஆரம்பிக்கும்போது வடிகட்டியோடு 'சாஃப்ட்' என்று சேர்த்தால், ஏற்கெனவே மாறியவற்றை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

புரொஃபைல் ஃபைல் சிஸ்டம் முழுவதற்கும்தான் பொருந்தும். இந்த ஃபோல்டருக்கு மட்டும் இரண்டு பிரதி, சினிமா ஃபோல்டருக்கு ஒன்று போதும் என்று பிரித்துச் சொல்ல இதில் வழி இல்லை. அது வேண்டுமென்றால் இரண்டு ஃபைல் சிஸ்டம் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஸ்னாப்ஷாட்டை (ஃபைல்கள் ஒரு நேரத்தில் இருந்த நிலையைப் பிடித்து வைப்பது) பிரதி என்று நினைத்துவிடவும் கூடாது: அது அதே துண்டுகளைத்தான் சுட்டிக்காட்டுகிறது. தவறிப்போய் அழித்த ஃபைலை மீட்க உதவும், டிஸ்க் சாவுக்கு உதவாது. இரண்டு பிரதியும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால், திருட்டுக்கும் தண்ணீருக்கும் வேறு இடத்தில் ஒரு பேக்கப் தனியாக வேண்டும்.

டிஸ்க் செத்த அன்று

மாதம் ஒருமுறை ஸ்க்ரப் ஓட்டி, 'பிடிஆர்எஃப்எஸ் டிவைஸ் ஸ்டாட்ஸ்' பார்த்துவந்தால் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்துவிடும். எழுதும் பிழை, படிக்கும் பிழை, ஃப்ளஷ் பிழை, செக்சம் பிழை, ஜெனரேஷன் பிழை என்று ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஐந்து எண். எல்லாம் 0 ஆக இருக்க வேண்டும். செக்சம் பிழை மட்டும் ஏறினால் முதலில் சாட்டா கேபிளையும் ராமையும் சந்தேகப்படுங்கள்.

டிஸ்க் உயிரோடு இருக்கும்போதே மாற்றுவது சிறந்தது. 'பிடிஆர்எஃப்எஸ் ரிப்ளேஸ் ஸ்டார்ட்', பழையது, புதியது, மவுண்ட் இடம். பழையது தடுமாறினால் சிறிய ஆர் விருப்பத்தைச் சேருங்கள். வேறு நல்ல பிரதி இல்லாதபோது மட்டுமே அதிலிருந்து படிக்கும். புது டிஸ்க் பழையதன் அளவாவது இருக்க வேண்டும். பெரியதாக இருந்தால் கூடுதல் இடம் தானாகச் சேராது: 'ஃபைல்சிஸ்டம் ரீசைஸ்' கட்டளையில் அந்த டிஸ்க்கின் எண்ணைப் போட்டு 'மேக்ஸ்' என்று கொடுக்க வேண்டும்.

முழுக்கச் செத்துவிட்டால் சாதாரணமாக மவுண்ட் ஆகாது. அது வேண்டுமென்றே வைத்த தடை: ஒரு பிரதி இல்லாமல் ஓடுகிறீர்கள் என்று உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். 'டிகிரேடட்' விருப்பத்தோடு மவுண்ட் செய்து, 'ஃபைல்சிஸ்டம் ஷோ' பார்த்து, காணாமல்போன டிஸ்க்கின் எண்ணைக் கண்டுபிடியுங்கள். ரிப்ளேஸ் கட்டளையில் பழைய பெயருக்குப் பதில் அந்த எண். இந்த டிகிரேடடை எஃப்எஸ்டேபில் நிரந்தரமாக எழுதி வைப்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். கேபிள் லூசான ஒரு நாள் ஒரு டிஸ்க்கில் மட்டும் எழுதி, மறுநாள் மற்றதில் மட்டும் எழுதினால், இரண்டும் இரண்டு வரலாறாகப் பிரிந்துவிடும்.

ரிப்ளேஸ் முடிந்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். இரண்டே டிஸ்க் வைத்திருந்தால், ஒன்று இல்லாத அந்தச் சில மணி நேரத்தில் எழுதியவை சிங்கிள் துண்டுகளில் விழுந்திருக்கலாம். போட இன்னொரு டிஸ்க் இல்லையே! அவை தாமாக இரட்டையாகாது. டிகன்வர்ட், எம்கன்வர்ட் இரண்டையும் ரெய்டு1, சாஃப்ட் என்று கொடுத்து ஒரு பேலன்ஸ் ஓட்டுங்கள். பிறகு ஒரு ஸ்க்ரப். கடைசியாக யூசேஜ் அறிக்கையை மேலிருந்து கீழே படித்து, டேட்டா, மெட்டாடேட்டா, சிஸ்டம் மூன்றிலும் சிங்கிள் என்ற வரி ஒன்றுகூட இல்லை என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு பழைய டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து கழற்றுங்கள்.